படம் எடுப்பதற்கு முன்னும் பின்னும்: காரைக்குடி வட்டாரப் பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல் மருத்துவர்களுக்கும், ஸ்கேன் மையம் நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல் மருத்துவமனைப் பலகைகளில் ‘3டி ஸ்கேன் வசதி உண்டு’ என்ற வரி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. சி.பி.சி.டி. என்று நீங்கள் சொல்லும் முப்பரிமாண எக்ஸ்ரேதான் அது. தாடை எலும்பை ஒழுங்காகப் பார்க்க மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறிய காலம் போய், பக்கத்திலேயே எடுத்துக்கொள்ள முடிகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். எந்திரமே வேண்டாம் என்று சொல்ல வந்தவன் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். படம் எடுக்கும் முன்னால், எதற்காக எடுக்கிறீர்கள் என்று நோயாளியிடம் சொல்லுங்கள். எடுத்த பிறகு அந்தப் படத்தை முழுதாகப் படித்து, முழுதாக அவர் கையில் கொடுங்கள். இரண்டுமே பல இடங்களில் நடப்பதில்லை.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். எங்கள் ஊர்களின் நிலைமை உங்களுக்குத் தெரிந்ததுதான். தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீட்டில் வயதானவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள். பல் வலி என்றால் கூட வருவதற்கு ஆள் தேட வேண்டும். சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் அப்படிக் கூடப் போகிற ஆள் பெரும்பாலும் நான்தான். அதனால் உங்கள் வரவேற்பறை நாற்காலிகளில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே நடப்பது இதுதான். உள்ளே இருந்து ஒரு சீட்டு வரும். “ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க.” எதற்கு என்று கேட்டால் வரவேற்பில் இருக்கும் பெண், “டாக்டர் எழுதியிருக்காங்க சார்” என்பார். கூட வந்த ஆச்சி என் முகத்தைப் பார்ப்பார். நான் சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகனுக்குப் போன் போடுவேன். அவரும் வேலைக்கு நடுவில், “எடுத்துடுங்க சித்தப்பா, பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க” என்று வைத்துவிடுவார். முடிந்தது. யார் வாயோ அவருக்கு விவரம் தெரியாது, முடிவு சொன்னவர் ஊரிலேயே இல்லை, சீட்டு எழுதியவர் அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார்.

இந்த எந்திரத்துக்கு உரிய மரியாதையை முதலில் செலுத்திவிடுகிறேன். ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8இல். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஓட்டோ வால்க்ஹோஃப் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர் தன் பல்லைத் தானே படம் எடுத்துப் பார்த்தார். அதற்காக அவர் 25 நிமிடம் கதிரில் அசையாமல் கிடந்தார். இன்றைக்கு அப்படிச் செய்தால் பிடித்து உள்ளே போடுவார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1990களின் கடைசியில், இத்தாலியில் வெரோனா நகரத்து நிறுவனம் ஒன்று செய்த நியூடாம் என்ற எந்திரத்தில்தான் பல்லுக்கென்றே ஆன சி.பி.சி.டி. சந்தைக்கு வந்தது.

அதுவரை பல் மருத்துவமனைகளில் எடுத்த படங்களெல்லாம் நிழல்கள். ஒற்றைப் பல் எக்ஸ்ரேயும் நிழல்தான், இரண்டு தாடையையும் நீட்டிக் காட்டும் ஓ.பி.ஜி.யும் நிழல்தான். நம் வீடுகளில் முகப்பில் நின்று, நடு முற்றமான வளவைப் பார்த்தால் தூண்கள் ஒன்றின் பின் ஒன்றாக மறைந்து நிற்கும். எத்தனை தூண், எதற்கும் எதற்கும் எவ்வளவு இடைவெளி என்று அங்கிருந்து சொல்ல முடியாது. வளவைச் சுற்றி நடந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக விலகித் தெரியும். சி.பி.சி.டி. அப்படித்தான் தலையைச் சுற்றி வருகிறது. கூம்பாக விரியும் கதிரை அனுப்பி, 10, 20 வினாடிகளில் நூற்றுக்கணக்கான நிழல்களைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் கணினி அவற்றையெல்லாம் சேர்த்து, சிறுசிறு கனசதுரங்களால் ஆன தாடையைக் கட்டுகிறது. ஒவ்வொரு கனசதுரமும் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிலிருந்து நான்கு பங்கு வரை இருக்கும். சில எந்திரங்களில் அதைவிடவும் சிறிது.

நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கிற அந்தக் கணக்கில் நம் பக்கத்து ஆள் ஒருவரின் கை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை நடத்திய ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971இல் அதற்கு ஒரு சுருக்கமான வழியைக் கண்டுசொன்னார். இன்றைக்கும் ஸ்கேன் மென்பொருள் எழுதுகிறவர்கள் ‘ராம்-லாக் ஃபில்டர்’ என்று இரண்டு பேர் பெயரையும் ஒட்டித்தான் சொல்கிறார்கள். கூம்புக் கதிருக்குப் பொருந்தும்படி அந்த வகைக் கணக்கை நீட்டியவர்கள் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் என்ற மூவர், ஆண்டு 1984. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. எலும்பிலும், பல்லின் எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினிலும் உள்ள முக்கியப் புரதமான கொலாஜன், மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1950களில் சென்னையில் இருந்து காட்டியவரும் இதே ராமச்சந்திரன்தான். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் படம் இல்லாமல் செய்யக் கூடாத வேலைகள் உண்டு. இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் செயற்கை வேரைப் பதிக்கும் இம்ப்ளான்ட் வேலை அவற்றில் முதன்மையானது. கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்புக் குழாய் ஓடுகிறது. துளைக்கும் கருவி அதில் பட்டால் கீழ் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அது திரும்பி வருவதே இல்லை. அதனால்தான் நரம்புக்கு மேலே 2 மில்லிமீட்டராவது விட்டு வைக்க வேண்டும் என்கிறார்கள். ஓ.பி.ஜி.யில் உருவம் 20, 30 சதவீதம் வரை பெரிதாகத் தெரியும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. எலும்பு எவ்வளவு அகலம் என்பது அதில் தெரியவே தெரியாது. உயரம் நன்றாக இருந்து அகலம் கத்தி விளிம்பாகத் தேய்ந்துபோன தாடைகள் வயதானவர்களிடம் நிறைய. அங்கே முப்பரிமாணப் படம் கேட்டால் நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

ஞானப்பல்லும் அப்படித்தான். ஓ.பி.ஜி.யில் வேரும் நரம்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், உண்மையில் தொடுகிறதா, முன்னும் பின்னுமாக விலகி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வைப்பதுதான் முறை. மேல் முதல் கடவாய்ப் பல்லில் மூன்று வேர்தான் இருக்கும், ஆனால் பலருக்கு வேருக்குள் ஓடும் கால்வாய்களில் நான்காவதாக ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும். வேர் சிகிச்சை செய்த பிறகும் வலி போகவில்லை என்றால் அதைத் தேட வேண்டும். பிள்ளைகளுக்கு மேல் கோரைப்பல் இறங்காமல் எலும்புக்குள் படுத்துக்கொண்டு, முன்பல்லின் வேரை அரிக்கிறது என்ற சந்தேகம் வந்தாலும் எடுக்கலாம். தாடைக்குள் கட்டி, அடிபட்ட எலும்பு, இவற்றுக்கும் தேவைப்படும்.

ஆனால் சொத்தைப் பல்லுக்கு இது எதற்கு? ஆரம்பச் சொத்தையைச் சின்ன எக்ஸ்ரேதான் தெளிவாகக் காட்டும். கம்பி கட்ட வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே இதை எடுப்பது எதற்கு? ‘முழு வாய்ப் பரிசோதனைப் பேக்கேஜ்’ என்று போட்டு அதில் இதையும் சேர்ப்பது எதற்கு? ஐரோப்பிய ஆணையம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் முதலில் வரும் விதிகளில் ஒன்று, நோயாளியின் வாயைப் பார்க்காமலும் அவர் கதையைக் கேட்காமலும் சி.பி.சி.டி. எடுக்கக் கூடாது என்பது. எல்லோருக்கும் வழக்கமாக எடுப்பதை அது ஏற்கவே இல்லை. நம் சீட்டுகள் சில, மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயில் கேப் போட்ட பல் இருந்தால் படத்தில் அதைச் சுற்றி வெள்ளைக் கீற்றும் கறுப்புப் பட்டையும் விழும். வேர் சிகிச்சை செய்த பல்லிலும் இது வரும். அந்தக் கறுப்புக் கோட்டை வேரில் விழுந்த விரிசல் என்று நினைத்து, இருக்கக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட வாய்ப்பு இருக்கிறது. ‘3டியில் தெரிந்தது’ என்று சொன்னால் எங்களால் எதிர்த்துப் பேச முடியாது. நீங்கள்தான் சந்தேகப்பட வேண்டும்.

உலோகம் என்றதும் தோடு நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர் ஆச்சிகளின் வைரத்தோடும் மூக்குத்தியும் கல்யாணத்தன்று திருகியதாக இருக்கும். அதற்குப் பிறகு எப்போது கழற்றினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஸ்கேன் அறை வாசலில் நிறுத்தி, “நகையைக் கழட்டிக் குடுங்க” என்று அவசரப்படுத்தினால் திருகு வராது, காது சிவந்துவிடும், முன்பின் தெரியாத இடத்தில் வைரத்தைக் கழற்றி யார் கையில் கொடுப்பது என்ற பயம் வேறு. அந்தப் படபடப்போடு எந்திரத்தில் நின்றால் தலை அசையும். அசைந்தால் படம் கலங்கும். கலங்கினால் மறுபடியும் கதிர். முதல் நாளே போனில், “நாளைக்குத் தோடு, மூக்குத்தி, பல் செட் எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும், வீட்டிலேயே எண்ணெய் விட்டுக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்” என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? கை, தலை நடுக்கம் இருப்பவர்களுக்கு உட்கார்ந்தே எடுக்கிற வசதி இருந்தால் அதையும் கேட்காமலேயே கொடுங்கள்.

இனி கதிர் அளவு. இதை நான் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் தவறாகப் பேசுகிறார்கள். ஒரு பக்கம், ‘ஸ்கேன் எடுத்தால் கேன்சர் வரும்’ என்ற பயம். இன்னொரு பக்கம், “ஒண்ணும் ஆகாது, ஓ.பி.ஜி. மாதிரிதான்” என்ற அலட்சியம். அதே ஐரோப்பிய நூல் தரும் கணக்கைச் சொல்கிறேன். ஓ.பி.ஜி. ஒன்றுக்கு 2.7 முதல் 24.3 மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). பல் பகுதிக்கு எடுக்கும் சி.பி.சி.டி.க்கு 11 முதல் 674, நடுமதிப்பு 61. முகம் முழுவதும் வரும்படி எடுத்தால் 30 முதல் 1,073. நாம் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட் நம் மேல் விழுகிறது. அப்படிப் பார்த்தால் 11 என்பது சுமார் இரண்டு நாள் கணக்கு. 61 என்பது ஒன்பது நாள். 674 என்பது மூன்று மாதத்துக்கும் மேல்.

பயப்படும்படி இதில் எதுவும் இல்லை. ஆனால் 11க்கும் 674க்கும் நடுவில் அறுபது மடங்கு வித்தியாசம் இருக்கிறது, இரண்டுக்கும் பெயர் சி.பி.சி.டி. தான். எந்த எந்திரம், எவ்வளவு பரப்பு, எவ்வளவு நுணுக்கம், எத்தனை வினாடி என்று அமைப்பவர் கையில் அது இருக்கிறது. ஒரு பல்லின் வேரைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பல்லையும் அக்கம்பக்கத்தையும் மட்டும் எடுக்கலாம். பெரிய பரப்பில் எடுத்துவிட்டு, “எல்லாமே வந்துடுச்சு, நல்லதுதானே” என்கிறார்கள். ஆபரேட்டருக்குப் பொத்தானை மாற்றச் சோம்பல் என்றால் அதற்கு நோயாளி கதிர் வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். வளர்கிற உடம்புக்குக் கதிரின் பாதிப்பு அதிகம், அவர்கள் இன்னும் வாழ வேண்டிய காலமும் அதிகம். பெரியவர்களுக்கு வைத்த அமைப்பிலேயே பிள்ளைக்கும் எடுப்பதை எந்த மருத்துவரும் தன் வீட்டுப் பிள்ளைக்கு ஒப்புக்கொள்ளமாட்டார். எந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தாளையும் கடைசியாகத் தரப் பரிசோதனை செய்த தேதியையும் வரவேற்பறைச் சுவரில் மாட்டிவையுங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாலும் சரி.

பெரிய பரப்பில் எடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எடுத்த படத்தை யார் படிப்பது? இம்ப்ளான்ட் வைக்கிறவர் தனக்கு வேண்டிய ஒரு இடத்தைப் பார்த்து, அளந்து, மூடிவிடுவார். அதே படத்தில் மேல்தாடை சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது, எதிர்ப்பக்கத் தாடை இருக்கிறது, மூச்சுப் பாதையும் கழுத்தெலும்பும் கூட வந்திருக்கலாம். அங்கே ஒரு கட்டி இருந்து, யாரும் பார்க்காமல் விட்டு, இரண்டு வருடம் கழித்துத் தெரிய வந்தால் அது யார் பொறுப்பு? படத்தில் வந்த அத்தனையையும் படித்து அறிக்கை எழுத வேண்டும் என்றுதான் வழிகாட்டி சொல்கிறது. வாய் மருத்துவமும் கதிரியக்கவியலும் என்று ஒரு மேல்படிப்பே இருக்கிறது. அதைப் படித்தவர்கள் எல்லா ஊரிலும் இல்லை என்பதும் தெரியும். ஆனால் காரைக்குடியில் எடுத்த படத்தைச் சென்னையில் இருப்பவர் அன்றைக்கே படித்து எழுதி அனுப்பலாம். 2023இல் புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை உங்கள் சங்கக் கூட்டத்துக்கு அந்தத் துறை ஆசிரியர் ஒருவரை அழைத்து, குழப்பமான படங்களைச் சேர்ந்து பார்த்தால் என்ன? நகரத்தார் அறக்கட்டளைகள் எத்தனையோ செலவு செய்கின்றன. கேட்டால் கார் வாடகையும் சாப்பாடும் தரமாட்டார்களா?

அடுத்தது, படத்தைக் கையில் கொடுப்பது. என் மனக்குறையில் பெரும்பகுதி இதில்தான். பளபளக்கும் தாளில் நாலு கலர்ப் படம், ஒரு உறை, வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ. கேட்டால் இதுதான் ரிப்போர்ட் என்கிறார்கள். முப்பரிமாணத்தில் எடுத்ததை மறுபடியும் தட்டையாக்கிக் கொடுத்தால் வேறு மருத்துவர் அதை வைத்து என்ன அளக்க முடியும்? டைகாம் என்ற பொதுவான வடிவத்தில் முழுக் கோப்பையும் எந்திரமே தரும். ஒரு சி.டி.யிலோ பென்டிரைவிலோ போட்டுக் கொடுத்தால், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில்கூடத் திறக்கலாம்.

இந்த ஊருக்கு அது மற்ற ஊர்களைவிட அதிகம் தேவை. கல்யாணத்துக்கும் பிள்ளையார் நோன்புக்கும் லீவு போட்டு வருகிறவர்கள், இங்கே செலவு குறைவு என்று பல் வேலையையும் சேர்த்து முடிக்கப் பார்க்கிறார்கள். இம்ப்ளான்ட் எலும்போடு பிடிக்கப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். லீவோ மூன்று வாரம்கூட இருக்காது. ஆகவே இங்கே தொடங்குவது அங்கே முடியும், அங்கே தொடங்கியது இங்கே முடியும். படமும் ஆளோடு போக வேண்டும். எனக்கு வேண்டிய ஒருவர் மலேசியாவில் எடுத்த ஸ்கேனைப் பத்திரமாகப் பென்டிரைவில் கொண்டுவந்தார். இங்கே ஒரு மருத்துவமனையில், “எங்க சாஃப்ட்வேர்ல திறக்காது” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு மறுபடி எடுத்தார்கள். கோப்பைச் செருகிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு ஆச்சிக்கு இங்கே எடுத்த படத்தின் கோப்பைக் கேட்டபோது, “அது எங்க சிஸ்டத்துலதான் இருக்கும், வெளியில குடுக்கிறதில்ல” என்றார்கள். அவர் மதுரைக்குப் போனபோது அங்கேயும் எடுக்க வேண்டியதாயிற்று. காசு போனது போகட்டும். எழுபது வயதுக்கு மேல் மறுபடி தோட்டைக் கழற்றி, மறுபடி நின்று, மறுபடி கதிர் வாங்கியது எதற்காக?

பணப் பேச்சை நான் தவிர்க்க நினைத்தேன், ஆனால் முழுதாகத் தவிர்க்க முடியவில்லை. எந்திரம் பல லட்சம். தவணை கட்ட வேண்டும். மாதம் இத்தனை படம் எடுத்தால்தான் கட்டுபடியாகும் என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. அனுப்புகிறவருக்கும் எடுக்கிறவருக்கும் நடுவில் ஏதோ கணக்கு உண்டு என்று ஊரில் பேச்சும் இருக்கிறது. உங்களில் பலர் அப்படி இல்லை. அவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு அதிகம் வலிக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நல்ல எந்திரத்தை வைத்துக்கொண்டால் தவணைச் சுமையும் குறையும், தேவையில்லாத படமும் குறையும் என்பது என் எண்ணம். வியாபாரம் உங்களுடையது, அதற்குமேல் நான் சொல்வதற்கில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள், அதற்கு நானும் வேலை செய்யத் தயார். சீட்டோடு சேர்த்துக் கொடுக்க, பெரிய எழுத்தில் தமிழில் ஒரே ஒரு பக்கம் வேண்டும். எந்தப் பல்லுக்காக, எந்தச் சந்தேகத்துக்காக இந்தப் படம், சாதாரண எக்ஸ்ரே ஏன் போதாது, எவ்வளவு பரப்பு, முன்பு எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா, கர்ப்பமாக இருக்கிறாரா, என்னென்ன கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும், யார் படித்து அறிக்கை எழுதுவார், கோப்பு எப்போது கையில் கிடைக்கும். கோடு போட்ட இடத்தில் மருத்துவர் இரண்டு வரி எழுதினால் போதும். அதைப் போட்டோ எடுத்து நான் சிங்கப்பூருக்கு அனுப்பினால், மகனும் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்து பதில் சொல்வார். வரைவை எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் அடுத்த கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கினால் கொண்டுவந்து படிக்கிறேன். மருத்துவத் தவறு இருந்தால் நீங்கள் திருத்துங்கள், எழுத்துப் பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன். அச்சடிக்கும் செலவுக்கு ஊரில் ஆள் பிடிப்பதும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
தேவகோட்டை